சர்க்கரையும் கவலையும்



இன்றைய பேச்சு சர்க்கரை நோயைப் பற்றியது. ஆனால் எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும் என்ற பட்டியல் இதில் இல்லை. அந்தப் பட்டியலை டாக்டர் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். பஸ்ஸில் அருகில் உட்கார்ந்தவர்கூடச் சொல்கிறார். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "உன் மனசு எப்படி இருக்கு?" என்பதுதான் அந்தக் கேள்வி. இன்று அதைப் பார்ப்போம்.

டெல்லி திரிலோக்புரியில் ஓர் அக்கா இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது ஒருவருடைய கதை அல்ல. பலருக்கு நடப்பதைச் சேர்த்து ஓர் அக்காவாக இங்கே சொல்லப்படுகிறது.

அக்காவின் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். டெல்லிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மயூர் விகாரில் நாலு வீட்டில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அப்போது பக்கத்துச் சந்தில் ஒரு பெரியவருக்குக் காலில் புண் வந்தது. அவருக்கும் சர்க்கரை நோய். புண் ஆறவில்லை. கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அக்கா அவரைப் பார்க்கப் போனார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"நமக்கும் இப்படித்தான் ஆகுமோ? கால் போனால் நாலு வீட்டு வேலை என்ன ஆகும்? மகள் படிப்பு என்ன ஆகும்?"

இந்தக் கவலை தினமும் வந்தது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகவும் பயந்தார். போனால் கெட்ட செய்தி வரும் என்று நினைத்தார். அதனால் போகவே இல்லை. மாத்திரை தீர்ந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதனால் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளை ஆக்கினார். மனசு சரியில்லாத நாளில் நாலு டீ குடித்தார். எல்லாம் சர்க்கரை போட்ட டீ.

மூன்று மாதம் கழித்து வேறு வழியில்லாமல் மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் இந்தியில் கேட்டார். வீட்டு வேலைக்கான இந்தி அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மனக்கவலையைச் சொல்லும் இந்தி தெரியாது. "சப் டீக் ஹை" என்றார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 268 இருந்தது.

அக்கா சோம்பேறி அல்ல. அக்கறை இல்லாதவரும் அல்ல. பயந்துபோனவர். அவ்வளவுதான்.

கவலை உடம்பில் என்ன செய்கிறது?

பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. நாய் துரத்தினால் ஓட வேண்டும் அல்லவா? அதற்குச் சக்தி வேண்டும். அட்ரினலின், கார்டிசோல் என்ற இரண்டு சுரப்புகள் ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல், தான் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் கவலை என்ற நாய் போவதில்லை. இரவும் பகலும் துரத்துகிறது. அப்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். இது ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு. கவலைப்படுகிறவர் மாத்திரையை மறக்கிறார். நடக்கப் போவதில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். சர்க்கரை மேலும் ஏறுகிறது. ஏறிய எண்ணைப் பார்த்துக் கவலையும் ஏறுகிறது. இது செக்குமாடு சுற்றுவதைப் போன்றது. எங்காவது ஓர் இடத்தில் மாட்டை நிறுத்த வேண்டும்.

இந்தக் கவலை ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. சர்க்கரை நோயோடு வரும் மனச்சுமையை அளக்க 1995-இல் அமெரிக்காவில் போலன்ஸ்கி என்ற மனநல அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 20 கேள்விகளை வெளியிட்டார்கள். அதாவது, இந்தக் கவலை உலகம் முழுவதும் உண்டு. மருத்துவம் இதை ஒப்புக்கொள்கிறது. இது யாருடைய கோழைத்தனமும் அல்ல.

எய்ம்ஸில் நடந்த நல்ல காரியம்

டெல்லியில் எய்ம்ஸ் என்ற பெரிய மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். அங்கே ஓர் ஆய்வு நடந்தது. சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலும் அதே ஆய்வு நடந்தது. 2015-இல் தொடங்கி 2018 வரை நடந்தது.

மொத்தம் 404 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு இவற்றில் ஒன்றாவது கட்டுப்பாட்டில் இல்லை. மனச்சோர்வும் இருந்தது. அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை கிடைத்தது. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு துணையாளரும் கிடைத்தார்.

துணையாளர் டாக்டர் அல்ல. பயிற்சி பெற்றவர். அவர் நோயாளியிடம் தொடர்ந்து பேசுவார். "மாத்திரை சாப்பிட முடிகிறதா? தூக்கம் வருகிறதா? மனசு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். கேட்டதை டாக்டரிடம் சொல்வார். மனநல நிபுணரும் சர்க்கரை நோய் நிபுணரும் கூடிப் பார்த்து வழி சொல்வார்கள். இப்படி ஒரு வருடம் நடந்தது. பிறகு இன்னொரு வருடம் கழித்தும் பார்த்தார்கள்.

மனச்சோர்வு பாதியாகக் குறைய வேண்டும். கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு இவற்றில் ஒன்றாவது குறைய வேண்டும். இதுதான் கணக்கு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 57 பேர் இந்த நிலையை அடைந்தார்கள். துணையாளர் இருந்த பிரிவில் நூற்றுக்கு 72 பேர் அடைந்தார்கள். 2020-இல் இந்த முடிவு வெளியானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மனசையும் உடம்பையும் சேர்த்துக் கவனித்தால் இரண்டும் தேறுகின்றன. மாத்திரை வேண்டும். அதோடு, விசாரிக்க ஓர் ஆளும் வேண்டும்.

ஒவ்வொரு மருத்துவமனையிலும் துணையாளர் கிடைக்க மாட்டார். அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டாம். வீட்டிலேயே தொடங்கக்கூடிய காரியங்கள் உண்டு.

ஒன்று: பயத்துக்குப் பெயர் வையுங்கள்

"எல்லாமே பயமாக இருக்கு" என்றால் ஒன்றும் செய்ய முடியாது. எது பயம் என்று நோட்டில் எழுதுங்கள். "கால் போய்விடுமோ" என்று அக்கா எழுதினால், அதற்குச் செய்யும் வேலை உண்டு. தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் பார்க்க வேண்டும். விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு இருந்தால் அன்றே காட்ட வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. டெல்லி வெயிலில் மே, ஜூன் மாதத்தில் கோயில் கல்தரை கொதிக்கும். கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

பயத்தை வேலையாக மாற்றுங்கள். வேலை செய்யும் கைக்குப் பயம் கொஞ்சம் குறையும்.

இரண்டு: எண் என்பது பரீட்சை மார்க் அல்ல

சர்க்கரை 268 என்றால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று பொருள் இல்லை. எண் வழிகாட்டிப் பலகையைப் போன்றது. எந்தப் பக்கம் போகிறோம் என்று அது காட்டுகிறது. பலருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இருந்தால் நல்லது என்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். சீட்டைப் படித்துச் சொல்ல இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று: நடுக்கம் வந்தால் சோதியுங்கள்

கை நடுங்கும். வேர்க்கும். நெஞ்சு படபடக்கும். இது கவலையாலும் வரும். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் வரும். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். முடிந்தால் உடனே ரத்தத்தைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். சோதிக்க வழி இல்லாவிட்டாலும் சர்க்கரைத் தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான்கு: இன்சுலின் கடைசிக் கட்டம் அல்ல

"ஊசி போடச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், முடிஞ்சது" என்று பலர் அழுகிறார்கள். கனடாவில் டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் முறையாக இன்சுலின் போட்டார்கள். அவனுக்கு வந்தது வேறு வகைச் சர்க்கரை நோய். சாகக் கிடந்த பையன் அதற்குப் பிறகு 13 வருடம் உயிரோடு இருந்தான். இன்சுலின் உயிர் கொடுக்க வந்த மருந்து. டாக்டர் போடச் சொன்னால் அது தண்டனை அல்ல.

ஐந்து: வாயைத் திறந்து சொல்லுங்கள்

டாக்டரிடம் பேச நேரம் குறைவு. அதனால் முதல் நாளே இரண்டு கேள்விகளை எழுதி வையுங்கள். மொழி தெரியாவிட்டால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மாத்திரையை விட்டிருந்தால் விட்டதாகவே சொல்லுங்கள். மறைத்தால் டாக்டர் தேவையில்லாமல் மருந்தைக் கூட்டுவார்.

இரண்டு வாரம் ஆகியும் துக்கம் போகவில்லையா? தூக்கம் இல்லையா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி. காசு கிடையாது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வீட்டாரிடம் சொல்லுங்கள், இந்த எண்ணையும் கூப்பிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோயாளி ஒரு லட்டை எடுத்தால் பத்துப் பேர் கத்துகிறார்கள். அவர் அழுதால் ஒருவரும் பார்ப்பதில்லை. போலீஸ் வேலை வேண்டாம். "வா, கூட நடந்து வர்றேன்" என்று சொல்லுங்கள். டெல்லிப் பனிக்காலத்தில் விடியற்காலைப் புகையில் நடக்க வேண்டாம். வெயில் வந்த பிறகு நடக்கலாம்.

மறுபடி அக்காவைப் பார்ப்போம்

ஒரு நாள் இரவு மகள், மாத்திரை அட்டையில் மீதி இருப்பதை எண்ணிப் பார்த்தாள்.

"அம்மா, பாதி மாத்திரை அப்படியே இருக்கே?"

அக்கா முதலில் கோபப்பட்டார். பிறகு அழுதார். "பயமா இருக்குடி" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒன்றரை வருடம் ஆனது.

மகள் தன் பழைய நோட்டை எடுத்தாள். அக்கா தன் கையாலேயே எழுதினார். "கால் நல்லா இருக்குமா? மாத்திரை விட்டுட்டேன். இப்ப என்ன செய்யணும்?" மகள் அதை இந்தியில் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அக்காவின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். புண் இல்லை. உணர்ச்சி நன்றாக இருந்தது. மாத்திரையை மறுபடி இரண்டு வேளை ஆக்கினார்.

ஒரு மாதம் கழித்துச் சர்க்கரை 212. இன்னும் குறைய வேண்டும். கவலை முழுவதும் போகவில்லை. அந்தப் பெரியவர் வீட்டைத் தாண்டும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அக்கா தினமும் இரவில் கண்ணாடியை எடுத்துப் பாதத்தைப் பார்க்கிறார். நோட்டில் தேதி போடுகிறார். "இன்று புண் இல்லை" என்று எழுதுகிறார். பிறகு தூங்குகிறார்.

பெரியோர்களே, சர்க்கரையை ஒரே நாளில் விரட்ட முடியாது. கவலையையும் விரட்ட முடியாது. ஆனால் இரண்டையும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும், சர்க்கரை நோய் உள்ள ஒருவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். "உன் மனசு எப்படி இருக்கு?" கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை பொறுமையாக உட்காருங்கள்.