பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது



கிறிஸ்தவ நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வது என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தெருமுனைக் கூட்டமும் ஒலிபெருக்கியும், பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப்பிரதியும்தான். இவற்றுக்குப் பக்கத்திலேயே சத்தமில்லாமல் நடந்துவரும் இன்னொரு வழக்கம் உண்டு. இரண்டு பேர், அல்லது பத்துப் பேர், உட்கார்ந்து பைபிளில் ஒரு பகுதியைச் சேர்ந்து வாசிப்பது; வாசித்ததைப் பற்றிப் பேசுவது. இதை ஒரு கலையாகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், சொதப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கலைக்கு மூலக் காட்சி அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாதையில் ஒரு ரதம். அதில் எத்தியோப்பிய அரசியின் கருவூலத்துக்குப் பொறுப்பான அதிகாரி, ஏசாயாவின் சுருளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போகிறார். அந்தக் காலத்தில் வாசிப்பது என்றாலே பெரும்பாலும் சத்தமாக வாசிப்பதுதான். அதனால்தான் ஓடிவந்த சுவிசேஷகர் பிலிப்புவின் காதில் அது விழுகிறது. பிலிப்பு பிரசங்கம் தொடங்கவில்லை. வாசிப்பது புரிகிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். யாராவது விளக்கினால்தானே புரியும் என்று சொல்லி, அந்த அதிகாரியே அவரை ஏறி உட்காரச் சொல்கிறார். அப்புறம்தான் பிலிப்பு ரதத்தில் ஏறுகிறார். ஏறியவர் தனக்குப் பிடித்த பகுதியைத் தேடவில்லை. அதிகாரி எந்த இடத்தை வாசித்துக்கொண்டிருந்தாரோ அந்த இடத்திலிருந்தே பேசத் தொடங்குகிறார். கேட்டார், அழைக்கும்வரை காத்திருந்தார், அடுத்தவர் நிற்கிற இடத்தில் தொடங்கினார். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சேர்ந்து வாசிப்பது வெறும் பிரசங்கமாகிவிடும் என்பது என் கருத்து.

தமிழுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715க்குள் அச்சிட்டு முடித்தார் என்பது பலருக்கும் தெரியும். அவருடைய இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழர்களிடம் அவர்களுடைய சமயத்தையும் வழக்கங்களையும் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பினார். வந்த பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டன. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் அவரோடு உட்கார்ந்து எதையும் வாசிக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

ஆனாலும் தமிழ்நாட்டில் இந்தக் கலையை வீட்டுக்குள் கொண்டுபோனவர்கள் வெள்ளைக்கார மிஷனரிகள் அல்லர். அந்தப் பெருமை பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட நம் ஊர்ப் பெண்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதியான பல வீடுகளில் பெண்கள் வெளியே வரமாட்டார்கள்; வெளி ஆண்கள் உள்ளே போக முடியாது. மதுரையில் அமெரிக்க மிஷனரி ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் 1892இல், இப்படிப்பட்ட வீடுகளுக்குள் போகக்கூடிய பெண்களுக்காகவே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். முதலில் நடப்பது வேதபாடம் அல்ல, எழுத்துப் பாடம். அ, ஆ தொடங்கி, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கி, அதற்குப் பிறகு சுவிசேஷம். கேட்டுக்கொண்டிருந்தவர் தானே வாசிக்கிறவராக மாறும்வரை பக்கத்தில் இருந்தார்கள். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மதத்தை நாசூக்காகத் திருப்பி அனுப்பிய வீடுகளும் இருந்தன. அதை நான் தோல்வியாக எண்ணவில்லை. வாசிக்கத் தெரிந்த பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லவும் தெரியும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் தமிழாக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் நாவலர். அவர் அளவுக்கு அந்த நூலை நுணுகி வாசித்த தமிழர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் சைவராகவே இருந்தார். போதாக்குறைக்கு, மிஷனரிகளின் பிரசங்க முறையையே எடுத்து 1847இன் கடைசியில் வண்ணார்பண்ணையில் சைவப் பிரசங்கம் தொடங்கிவிட்டார்! சேர்ந்து வாசித்தால் கேட்பவர் நம் பக்கம் வந்தே தீருவார் என்று கணக்குப் போடுகிறவர்கள் நாவலரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இன்றைக்கு நிலைமை என்ன? வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆளுக்கொரு வசனம் சுற்றி வாசிப்பார்கள், பிறகு ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடைசியில் காபி. இதில் வாசிப்பு எங்கே இருக்கிறது? இன்னொரு கூத்து, காலண்டரில் அச்சாகும் வாக்குத்தத்த வசனம். முன்னும் பின்னும் இல்லாமல் ஒரே ஒரு வரி. வருடம் முழுவதும் ஆசீர்வாதம் என்று சொல்லும் வரிகள் மட்டும் அதில் இருக்கும். யோபுவின் புலம்பலை யாரும் காலண்டரில் போடுவதில்லை.

புதிதாக ஒருவரோடு வாசிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நான்கில் அதுதான் சிறியது, பதினாறே அதிகாரங்கள். வாரம் ஒன்று என்றால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். ஐந்தாம் அதிகாரத்தை வைத்தே காட்டுகிறேன்.

ஜெப ஆலயத் தலைவர் யவீரு, மகள் சாகக் கிடக்கிறாள் என்று இயேசுவின் காலில் விழுகிறார். இயேசு கிளம்புகிறார். வழியெல்லாம் கூட்டம். பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கால் அவதிப்படும் ஒரு பெண், வைத்தியர்களிடம் கைப்பணம் முழுவதையும் கொடுத்துத் தீர்த்தவள், பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். தீட்டு என்று மூலையில் உட்கார வைக்கப்பட்ட அனுபவம் உள்ள பெண்கள் நடுவில் இதை வாசித்துப் பாருங்கள். அவளுடைய பயத்தை யாரும் விளக்க வேண்டியிராது. இயேசு நடுவழியில் நின்றுவிடுகிறார், தொட்டது யார் என்று கேட்கிறார், அவள் தன் கதை முழுவதையும் சொல்லும்வரை நிற்கிறார். பக்கத்தில் யவீரு. ஊரில் பெரிய மனிதர், வீட்டில் பிள்ளை சாகக் கிடக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும்? அவர் நின்று காத்திருக்க வேண்டியதாகிறது, பெயர்கூடச் சொல்லப்படாத ஒருத்திக்காக. கடைசியில், அதற்குள் இறந்துபோயிருந்த சிறுமி எழுந்து நடக்கிறாள். அவளுக்கும் வயது பன்னிரண்டு. எல்லோரும் மலைத்து நிற்க, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார் இயேசு. பிரசங்கிமார் அற்புதத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிள்ளை வளர்த்தவர்களோ சாப்பாட்டில்தான் வந்து நிற்பார்கள். சேர்ந்து வாசிப்பதன் முழுப் பயனும் இதில் இருக்கிறது: விளக்க வந்தவர் தவறவிட்டதைக் கேட்க வந்தவர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

சங்கடமான கேள்விகளும் வரும். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் கெட்டுப்போன மகன் திரும்பி வரும் கதையை வாசித்தால், அந்தப் பையனுடைய அம்மா எங்கே என்று யாராவது கேட்டே தீருவார்கள். கதையில் சொல்லப்படவில்லை, எனக்கும் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். அங்கே சாமர்த்தியமாக ஒரு விளக்கத்தை இட்டுக்கட்டுகிறவர்மேல் நம்பிக்கை போய்விடும்.

கத்தோலிக்கப் பங்குகளில், அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குழுக்களின் கூட்டங்களில், ஏழு படிகளாக வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து உலகெங்கும் பரவியது. பகுதியை வாசிப்பார்கள், மனதில் பட்ட சொல்லை அவரவர் திரும்பச் சொல்வார்கள், சிறிது நேரம் மௌனம், பிறகு பகிர்வு. ஒருவர் பகிர்ந்ததை மற்றவர் விவாதிக்கக் கூடாது என்பது விதி. வாயாடிகளை அடக்க இதைவிடச் சிறந்த விதி கிடையாது. எழுத்தறிவு குறைந்தவரும் கல்லூரிப் பேராசிரியரும் அங்கே சமம். ஒரு குறை சொல்வேன். சந்தேகத்தோடு வருகிற பக்கத்து வீட்டுக்காரர், இதை எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்க நினைத்தால் அந்தச் சட்டகத்துக்குள் அவருக்கு இடமில்லை. நம்புகிறவர்கள் தங்களுக்குள் வாசிக்க அது உத்தமமான முறை. வெளியிலிருந்து வருகிறவரோடு வாசிக்கும்போது வாதத்துக்கும் இடம் விட வேண்டும்.

நடைமுறை விஷயம் ஒன்று. பல சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு 1871 பதிப்பின் வழியில் வந்தது. பழகிய காதுக்கு இனிமை, புதியவருக்குக் கரடுமுரடு. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டால் பாதி விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று நாகரிகம் பற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடமும், கடன் கேட்டு வந்தவரிடமும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டு வந்தவரிடமும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்பது கேட்பதாகாது. பிலிப்பு அழைக்கப்பட்ட பிறகே ஏறினார். வேலை முடிந்ததும் போய்விட்டார். அந்த அதிகாரி தன் வழியே மகிழ்ச்சியோடு பயணத்தைத் தொடர்ந்தார்.

உங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறதென்றால் வருகிற வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். பிரசங்கத்தை விட்டுவிட்டு மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை, பிறகு இன்னொரு முறை வாசியுங்கள். வழக்கமாகப் பேசுகிறவர் அன்றைக்குப் பேசாமல் இருக்கட்டும். வழக்கமாகப் பேசாதவரிடம் என்ன தோன்றியது என்று கேளுங்கள்.