ஆவுளியாவும் நம் கடலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கைக் கேட்டு அனைவரும் களைத்திருக்கும் வேளை இது. எனவே நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளமாட்டோம். நம் பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியா எனும் கடற்பசுவைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், திருக்கை வலையில் ஆவுளியா விழுந்துவிட்டது என்றால் தெருவே அறிந்துவிடும். கறி பங்கு வைக்கப்படும்; ஆட்டுக்கறியைப் போலவே இருக்கிறது என்று பெரியவர்கள் சிலாகிப்பார்கள். இன்றைய இளைஞர்களில் பெரும்பாலோர் அந்தப் பிராணியைக் கண்ணால் கண்டதேயில்லை. இந்த மாற்றம் நிகழ்வதற்கு நம் ஒரு தலைமுறைக் காலமே போதுமானதாக இருந்தது. "கடல் பிராணி ஆகுமானதுதானே?" என்று ஒரு சகோதரர் வாசலில் வைத்தே நம்மிடம் கேட்டுவிட்டார். அதற்கு ஹஜ்ரத் அவர்களே பதில் சொல்லத் தக்கவர்கள். நாம் பேசவந்தது வேறு விஷயம்.

ஆவுளியா மீன் அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. நிலத்தில் அதற்கு நெருங்கிய உறவு யானை என்கின்றனர் விஞ்ஞானிகள். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ வரை எடையும் கொண்டது. அதன் உணவு கடற்புல். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். வேரோடு பிடுங்கித் தின்பதால் அடிமண்ணில் நீண்ட தடம் விழும். ஆராய்ச்சியாளர்கள் மூழ்கிச் சென்று அந்தத் தடங்களைத்தான் தேடுகிறார்கள். அது மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர இயலாவிட்டால், நாம் வலையை இழுக்கும் முன்பே மூச்சடைத்து இறந்துவிடும்.

நமக்கு வியப்பளித்த செய்தி அதன் வயதைக் கணக்கிடும் முறையாகும். இறந்த ஆவுளியாவின் தந்தப் பல்லை அறுத்துப் பார்த்தால், மரத்தின் உள்வளையங்களைப் போல ஆண்டுக்கோர் அடுக்கு தெரிகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹெலன் மார்ஷ் என்ற பெண் விஞ்ஞானி இவ்வாறு பல்லைக் கொண்டும் கருப்பையைக் கொண்டும் ஆராய்ந்து அதன் வாழ்க்கைக் கணக்கையே வெளிக்கொணர்ந்தார். அது எழுபது ஆண்டு வரை வாழக்கூடியது. ஆனால் பெட்டை முதல் குட்டியை ஈனுவதற்கே ஆறு முதல் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. சினைக்காலம் ஓராண்டுக்கும் மேல். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள். மனிதரால் ஒன்றுகூடச் சாகாத நிலையிலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்பது இதன் விளைவு.

இந்தியக் கடல்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 200 முதல் 250 வரைதான் எஞ்சியிருக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இருநூறு என்று வைத்துக்கொண்டால், மிக நல்ல காலத்திலும் ஆண்டுக்குப் பத்துதான் கூடும். அந்த இருநூறும் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் என்று சிதறிக் கிடக்கின்றன. இந்நிலையில் ஓர் ஊரில் ஆண்டுக்கு இரண்டு பெட்டைகள் வலையில் மடிந்தாலும் அது சிறிய நட்டம் அன்று. முன்னோர் பங்கு வைத்துத் தின்றதைக் குறைகூறும் எண்ணம் நமக்கில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, நமக்குத் தெரிந்துவிட்டது.

சீனாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நாட்டரசு 1988-ஆம் ஆண்டிலேயே கடற்பசுவுக்கு மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பை அளித்தது. பிறகு அந்தப் பிராணி என்ன ஆயிற்று என்று அறிய, ஆராய்ச்சியாளர்கள் தென்பகுதியின் நான்கு மாகாணங்களில் கடலோர ஊர்களுக்குச் சென்று 788 பேரிடம் விசாரித்தனர். "நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்பதே கேள்வி. பார்த்ததாகச் சொன்னவர்கள் கூறிய காலத்தின் சராசரி 23 ஆண்டுகளுக்கு முன்பு. கடந்த ஐந்தாண்டுகளுக்குள் பார்த்தவர்கள் மூவர் மட்டுமே. சீனக் கடலில் இந்த இனம் செயலளவில் அற்றுப்போயிற்று என்று 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தார்கள். கடலில் உள்ளதை அறிய விஞ்ஞானிகள் இறுதியில் மீனவர்களிடம்தான் வந்தார்கள் என்பதையும், அவர்கள் வந்தபோது காலம் கடந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆவுளியா ஆயிரக்கணக்கில் உள்ள ஆஸ்திரேலியாவில் விமானத்தில் பறந்தே எண்ணிவிடுகிறார்கள். கலங்கல் நீரில், அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள நம் கடலில் அது எளிதன்று. ஆகவேதான் இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016 முதல் மீனவர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்து, கண்ட இடத்தையும் நேரத்தையும் கேட்டுக் குறித்து வருகிறது. மீனவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் வழங்கியிருக்கிறது.

2022 செப்டம்பர் 21 அன்று தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. "இனி வலை போடவே விடமாட்டார்கள்" என்ற பேச்சு அப்போது கடற்கரையெங்கும் பரவியது. புதிய தடை எதுவும் இல்லை என்று அரசு தெளிவுபடுத்தியிருந்தும் அந்த அச்சம் முழுமையாக நீங்கியதாகத் தெரியவில்லை. கடற்புல் வெளி அழிந்தால் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்க இடமின்றிப் போகும் என்பதை நம்மவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இழுவை மடி செய்யும் கேட்டைப் பற்றிப் பேசினால் இரவு போதாது.

இப்போது நம் ஊர் விஷயத்திற்கு வருவோம். சென்ற ஆண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இரு இளைஞர்களின் வலையில் உயிருள்ள ஆவுளியா ஒன்று சிக்கியது. பக்கத்தில் குட்டி இருந்ததாம். வலையை அறுத்து விட்டுவிட்டார்கள். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் கேட்டோம். "சொன்னால் ஆபீஸுக்கு இழுப்பார்கள் காக்கா, வலைக்கும் காசு போச்சு, பேரும் போகும்" என்றார்கள்.

வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்பது உண்மை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணைப் பிராணி. ஆனால் தற்செயலாகச் சிக்கியதை உயிருடன் விட்டவர் குற்றவாளி அல்லர். அப்படி விட்ட மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டிப் பரிசும் வழங்கியிருக்கிறது. இது தெரியாமல் அந்தப் பிள்ளைகள் மூன்று வாரம் உறக்கமின்றி இருந்தார்கள். தாயும் குட்டியுமாகக் கண்டது ஆராய்ச்சியாளர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி! நம் பக்கத்தில் இனம் இன்னும் பெருகுகிறது என்பதற்கு அதைவிடச் சான்று ஏது?

எனவே நிர்வாகக் குழுவின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். ஆவுளியாவை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு, அரசின் உதவி வந்து சேரும்வரை வலையின் விலையில் ஒரு பகுதியை ஜமாஅத் நிதியிலிருந்து கைமாற்றாக அளிக்க வேண்டும். அடுத்து, பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். கண்ட நாள், இடம், நீரின் ஆழம், எத்தனை, குட்டி உண்டா, உயிருடனா இறந்தா என்று மட்டும் எழுதினால் போதும். பெயர் எழுத விருப்பமில்லாதவர் எழுத வேண்டாம். மாதம் ஒருமுறை அதைச் செயலாளர் ஆராய்ச்சியாளர்களிடம் சேர்ப்பித்துவிடலாம்.

குறிப்பேட்டை நாமே வாங்கி வந்திருக்கிறோம். இதோ மேசையில் இருக்கிறது. முதல் வரியை அந்த இரு இளைஞர்களும் மஃரிபுக்குப் பின் வந்து எழுதிவிட்டார்கள்.