ஓடாத வண்டிக்கும் வயது உண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமக்கு முன்னர் இம்மேடையில் பேசிய அறிஞர்கள் இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் சுவைபட உரையாற்றினார்கள். அந்த இன்பத்தில் திளைத்திருக்கும் தங்களை இப்போது கியர் பெட்டியின் எண்ணெயைப் பற்றிக் கேட்கும்படி செய்வது சற்றுக் கொடுமைதான். ஆயினும் காரியதரிசி அவர்கள், “அங்கத்தினர்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று பணித்தார். நாம் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதையே இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரையில், செம்பூரிலிருந்து டோம்பிவிலி வரையில், நம்மவர் வசிக்கும் கட்டடங்களின் கீழே நிற்கும் கார்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பல கார்களுக்கு வயது பதினைந்துக்கு மேல் இருக்கும். பதிவுக்காலம் 15 ஆண்டுகள் முடிந்து, தகுதிச் சோதனைக்குப் பின் மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. ஆனால் அவை ஓடிய தூரமோ மிகச் சொற்பம். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் நாம் மின்சார ரயிலிலேயே சென்று வந்தோம். கார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் தாதர் ஸ்டேஷனுக்கும் மட்டுமே போய் வந்தது. ஆகவே, “வண்டி புதிது போலவே இருக்கிறது, ஓடவே இல்லையே!” என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். இந்தப் பெருமையில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது.

நமது அனுபவத்தைச் சொல்லுகிறோம். நம் தமையனார் காலமான பின்னர் அவருடைய சிறிய கார் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதற்கு வயது 16; ஓடியிருந்தது 22,000 கிலோமீட்டர். தமையனார் எதிலும் ஒழுங்கு உடையவர். என்ஜின் எண்ணெய் மாற்றிய தேதிகளையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஆனால் கியர் பெட்டியின் எண்ணெயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நாமும் அதைக் கேட்கவில்லை; கேட்கத் தோன்றவும் இல்லை.

தமையனாரின் புதல்விக்குப் புனாவில் திருமணம். தந்தையின் ஸ்தானத்தில் நின்று தாரை வார்க்க வேண்டியவர் நாம். முதல் நாளே போய்ச் சேராமல், அலுவலின் பொருட்டு, மறுநாள் அதிகாலையில் அந்தக் காரிலேயே புறப்பட்டோம். கோபோலியைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் காரின் அடியிலிருந்து ஓர் ஊளை எழுந்தது. வேகம் கூடக் கூட ஊளையும் கூடிற்று. லோணாவ்லாவை அடைவதற்குள் அது அரைக்கும் ஓசையாக மாறிவிட்டது. அங்கே ஒரு மெக்கானிக் கியர் பெட்டியின் மேல் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். விரல் நனையவில்லை. அடியில் இருந்த திருகைக் கழற்றியபோது ஒரு தம்ளர் அளவுகூட இல்லாமல், கரிந்த டிகாக்ஷன் போன்ற திரவம் வடிந்தது. பேரிங் ஒன்று தேய்ந்து பொடியாகியிருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு, வாடகை வண்டி பிடித்து, முகூர்த்தம் முடிய எட்டு நிமிஷங்கள் இருக்கையில் மண்டபத்தில் நுழைந்தோம். அந்தக் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்றும் நம் கண்ணைவிட்டு அகலவில்லை.

குற்றம் யாருடையது? வண்டியைச் செய்தவருடையது அன்று, நம்முடையதே. கார் நின்ற இடத்தில் தரையில் ஒரு கறை இருந்தது. மழைநீர் என்று எண்ணி விட்டுவிட்டோம். சக்கரத்துக்குச் செல்லும் தண்டு கியர் பெட்டியிலிருந்து வெளிப்படும் இடத்தில் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் உண்டு. அது ஆண்டுக்கணக்கில் அசைவின்றி இருந்து இறுகி, சொட்டுச் சொட்டாக எண்ணெயைக் கசியவிட்டிருக்கிறது. என்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அளவு பார்க்கக் கோலும் உண்டு. கையால் கியர் மாற்றும் பெரும்பாலான கார்களின் கியர் பெட்டிக்கோ விளக்கும் இல்லை, கோலும் இல்லை. அது மௌனமாகவே இருந்து, ஒரு நாள் ஊளையிடும்.

இனி, எப்போது மாற்ற வேண்டும் என்னும் கேள்விக்கு வருவோம். வண்டிக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று தூரக் கணக்கு. மற்றொன்று காலக் கணக்கு. பராமரிப்புக் கையேடுகளில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், ‘எது முந்துகிறதோ அது’ என்று அச்சிட்டிருப்பார்கள். நாம் முதற்பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். அதிகம் ஓடும் வண்டிக்குத் தூரம் முந்தும். நம் வண்டிகளுக்கு என்றைக்கும் காலமே முந்தும்.

ஓடாத எண்ணெய் ஏன் கெட வேண்டும் என்று கேட்கலாம். கியர் பெட்டிக்கு மூச்சு விடும் சிறு துவாரம் ஒன்று உண்டு. வண்டி ஓடிச் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். குளிரும்போது வெளிக்காற்று உள்ளே புகும். கடலோரத்து மும்பையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று ஈரம் சுமந்ததாகவே இருக்கும். ஈரம் உள்ளே குளிர்ந்து நீராகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்த நீர் ஆவியாகிவிடும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் வண்டியில் அது அங்கேயே தங்கிவிடும். அன்றியும், பல்சக்கரங்கள் சுழன்றால்தான் எண்ணெய் தெறித்து மேற்பாகங்களை நனைக்கும். மாதக்கணக்கில் நின்றால் மேலே உள்ள பற்களிலும் பேரிங்குகளிலும் இருந்த எண்ணெய்ப் படலம் வழிந்துபோய், துரு பிடிக்க இடமாகிறது. எண்ணெயில் கலந்துள்ள பாதுகாப்புப் பொருள்களும் காலப்போக்கில் வலுவிழக்கின்றன.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். என்ஜின் எண்ணெயைப் போலக் கியர் எண்ணெயில் எரிபொருளின் கரியும் அமிலமும் சேர்வதில்லை. ஆகவே அதை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை. அப்படி மாற்றச் சொல்லுகிறவர் தம் கடையின் நன்மையைக் கருதுகிறார் என்றே கொள்ளலாம்.

நாம் இப்போது கைக்கொண்டிருக்கும் கணக்கு இது. பழைய வண்டி ஒன்று கைக்கு வந்து, முன்னர் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எழுத்து மூலம் ஆதாரம் இல்லையானால், மாற்றவே இல்லை என்று கொண்டு, எல்லாத் திரவங்களையும் ஒரு முறை மாற்றிவிட வேண்டும். அன்றிலிருந்து புதுக் கணக்குத் தொடங்குகிறது. அதன் பின்னர், கையால் கியர் மாற்றும் வண்டியில் கியர் எண்ணெயை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுகிறோம். கையேடு அதற்கும் குறைந்த காலம் சொன்னால் கையேட்டின் சொல்லே வேதம். சிறிய கார்களின் கியர் பெட்டி கொள்ளும் எண்ணெய் ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான். அதை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெட்டியையே இழப்பது என்ன சிக்கனம்?

அம்பாஸடர், பிரீமியர் பத்மினி போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளை இன்னும் போற்றி வைத்திருப்போர் இங்கே உண்டு. அவற்றில் பின் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் தனியாக இருக்கிறது; அதற்குத் தனி எண்ணெய். கியர் எண்ணெயை மாற்றியதும் வேலை முடிந்தது என்று இதை மறந்துவிடுகிறார்கள். முன்சக்கர இயக்கமுள்ள பெரும்பாலான கார்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, ஒரே எண்ணெயில் நனைகின்றன.

கிளச்சைத் திரவத்தால் இயக்கும் வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் திரவமே பயன்படுகிறது. இந்தத் திரவம் காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகையைச் சேர்ந்த புதிய திரவம் குறைந்தது 230 பாகை செல்ஸியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. உள்ளிருக்கும் உலோகமும் அந்த நீரால் அரிக்கப்படுகிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவது உத்தமம்.

தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளின் விஷயம் வேறு. அவற்றின் திரவம் பெரும்பாலும் சிவந்த நிறமுடையது. அது கறுத்துக் கருகிய வாடை வீசினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அடைப்பைக் கழற்றி வடித்தால் முழுவதும் வெளிவராது. பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நெடுங்காலம் கவனிக்கப்படாத வண்டியில் அழுத்தத்தால் கழுவி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதைவிட, வடிந்ததற்கு ஈடாகப் புதியது ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடியும் அவ்வாறே செய்வது நிதானமான வழி. ஏற்கெனவே நழுவத் தொடங்கிவிட்ட பெட்டியைப் புதுத் திரவம் குணப்படுத்தும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கியர் எண்ணெய் டப்பாக்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்னும் குறிகளைக் காணலாம். ஐந்து நான்கைவிடப் பெரிதாகையால் அதுவே உயர்ந்தது என்று எண்ணுவது பிழை. ஜிஎல்-5 வகையில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த பொருள்கள் மிகுதி. பின் அச்சின் சாய்ந்த பல்சக்கரங்கள் தாங்கும் கடும் அழுத்தத்துக்கு அது அவசியம். ஆனால் பழைய கியர் பெட்டிகளிலுள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும். கையேட்டில் என்ன குறி இருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

வேலையைத் தாங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். வண்டியை இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிய பின்னரே எண்ணெயை வடிக்க வேண்டும். முதலில் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே அடித்திருகு. எண்ணெயை வடித்துவிட்டு, மேல்திருகு துருவேறிக் கழல மறுத்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அடித்திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மையைப் போன்ற சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது. விரலில் உறுத்தும் துண்டுகள் இருந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது.

நீர் என்றதும் 26-7-2005 அன்று பெய்த பெருமழை தங்கள் நினைவுக்கு வரும். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் கியர் பெட்டியின் மட்டத்துக்கு மேல் நீர் நின்ற வண்டிக்குத் தூரமும் இல்லை, காலமும் இல்லை. மறுபடி ஓட்டுவதற்கு முன்னரே எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற இடம் தராதீர்கள். அது மாஹிம் கழிமுகத்துக்கும் தாணா கழிமுகத்துக்கும் அப்பால் கடலுக்குமே போய்ச் சேரும். பழைய எண்ணெயைப் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குச் சேர்ப்பிக்கும் பணிமனையையே நாடுங்கள்.

இத்தனையும் செய்த பின்னர், வண்டியைக் கிடத்தி வைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். அதனால் சீல்கள் நனையும். பற்கள் எண்ணெய் பூசிக்கொள்ளும். தரையில் கறை உண்டா என்பதும் தெரியும்.

நண்பர்களே! நம் முன்னோர் மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகு இட்டார்கள். அவர்களிடம் தூரத்தைக் காட்டும் கருவி இல்லை. அச்சின் ஓசையைக் காதால் கேட்டு அறிந்தார்கள். நம் ஊர்க் கோயில் தேர் ஆண்டுக்கு ஒரு நாள் நான்கு வீதிகள் மட்டுமே ஓடுகிறது. ஆயினும், ‘ஓடவே இல்லையே’ என்று யாரும் அதை அப்படியே இழுத்துவிடுவதில்லை. அச்சையும் ஆணியையும் வடத்தையும் ஆண்டுதோறும் சோதித்த பின்னரே சுவாமியை எழுந்தருளப் பண்ணுகிறார்கள். காரணம், அது ஓடும் அந்த ஒரு நாள் தவறக் கூடாத நாள்.

நம் பழைய கார்களும் அப்படிப்பட்டவையே. எப்போதோ ஒரு நாள்தான் அவற்றை நம்பிப் புறப்படுகிறோம். அந்த நாள் ஒரு திருமணமாகவோ, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பிரயாணமாகவோ இருக்கிறது. தமையனாரின் நோட்டுப் புத்தகத்தை நாம் இப்போதும் வைத்திருக்கிறோம். அவர் எழுதி முடித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் ‘கியர் எண்ணெய்’ என்று தலைப்பிட்டுத் தேதி எழுதி வருகிறோம். இன்று வீடு திரும்பியதும் தங்கள் வண்டியின் புத்தகத்தை எடுத்து அப்படியொரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால், இந்த வாரமே பணிமனைக்குச் சென்று அந்த வரியை எழுத வழி செய்யுங்கள்.