வாசலுக்கு வராத ரோபோ

வாசல் கூட்டவும் ரோபோ வந்துவிட்டால் பெண்கள் சோம்பேறியாகி விடுவார்களாம். எதிரணி நண்பர் கவலைப்படுகிறார். 1995-லேயே சுவீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனி, வெயிலில் தானே ஓடிப் புல் வெட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது புல்தரைக்கு. நம்ம மண் வாசலுக்கு இன்னும் துடைப்பந்தான்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய்ப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஓடுகிற ஹூண்டாய் ஆலையில் ரோபோ வெல்டிங் வைக்கிறது. ஆனா அந்த வட்டாரத்துல ஷிப்ட் பஸ் ஏறுகிற பெண், இருட்டோட எழுந்து, வேப்பஞ்சருகைக் கூட்டி, சாணம் தெளிச்சு, கோலம் போட்டுட்டுத்தான் ஓடி வர்றா. ஏன்? ஆலையில் ஆளுக்குச் சம்பளம் உண்டு. கணக்குப் பார்த்து ரோபோ வாங்கினான். வாசல் வேலைக்குச் சம்பளமே கிடையாதே, எவன் வாங்குவான்? (கைதட்டல்)

கை தட்டுற ஐயாமாரே, இன்னிக்குக் காலையில உங்க வாசலைக் கூட்டினது யாரு?