முப்புரிக் கயிறும் சுண்ணாம்பும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "எலும்பு தேஞ்சு போச்சு." தொழிற்பேட்டையில் 20 ஆண்டு லேத்தின் முன் நின்று முட்டி வலி கண்டவரும் இதைச் சொல்கிறார். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பாட்டியும் இதையே சொல்கிறார். இருவருக்கும் வந்தது ஒரே நோய் அல்ல. அந்த ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டவே வந்திருக்கிறேன்.

வீட்டுக்குத் தளம் போடும்போது கம்பி கட்டிக் காங்கிரீட் கொட்டுகிறோம். இழுவையைக் கம்பி தாங்கும், பாரத்தைக் காங்கிரீட் தாங்கும். எலும்பில் கம்பியின் வேலையைக் கொலாஜன் என்ற புரதம் செய்கிறது. காங்கிரீட்டின் வேலையைச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம் செய்கிறது. அந்தக் கொலாஜனின் முறுக்கை உலகுக்குக் காட்டியது நம் சென்னைப் பல்கலைக்கழகம். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணை வாங்கி, எக்ஸ் கதிரில் ஆராய்ந்தார் அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். அவரும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் மூன்று இழை என்றார்கள். 1955-இல் அதைத் திருத்தி, ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு என்றார்கள். இழையில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின். அமினோ அமிலங்களில் அதுதான் மிகச் சிறியது. கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. அங்கே வேறொன்று புகுந்துவிட்டால், லேசாகப் பட்டாலே ஒடியும் எலும்போடு குழந்தை பிறக்கக்கூடும். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நடந்தது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

தொடை எலும்பைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், வெட்டிய மரம்போல வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையத் தொகுதியின் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர்; நடுவில் ரத்தக் குழாய் ஓடும் கால்வாய். 1691-இல் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் ஹேவர்ஸின் பெயரே அதற்கு நிலைத்தது. வளையங்களுக்கிடையே உயிருள்ள செல்கள். இவை தவிர, எலும்பை அரிக்க ஒரு செல் கூட்டம், கட்ட ஒரு கூட்டம். ஆயுள் முழுதும் இந்த வேலை ஓயாது. மாதவிடாய் நின்றபின் அரிப்பவை முந்திக்கொள்கின்றன. அதுதான் எலும்புப்புரை. உடையும்வரை வலியே இருக்காது. பாட்டிக்கு வந்தது இது.

லேத் தொழிலாளிக்குக் கெட்டது முட்டி மூட்டின் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நீரில் ஊறிய பஞ்சுபோல, நடக்கும்போது பிழியப்பட்டு, விட்டதும் மூட்டுத் திரவத்தை உறிஞ்சிப் பசியாறுகிறது. ரத்தம் எட்டாததால் கிழிந்தால் சரியாக ஆறாது. கால்சியம் மாத்திரை அதை வளர்க்காது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும் உதவும். வலிக்குப் பயந்து நடையையே நிறுத்துவது தவறு. பஞ்சு பட்டினி கிடக்கும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்த ஒருவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டால், மாவுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பின் அடர்த்தியைச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் அன்றே கேளுங்கள்.