தரையில் கிடத்திய கம்புகள்

மிரண்டுபோன குதிரை தலையை உயரத் தூக்கிக்கொள்ளும். கழுத்து விறைக்கும், முதுகு குழியும். அப்போது கடிவாளத்தைப் பிடித்து இழுத்தால் இறுக்கம் இன்னும் கூடத்தான் செய்யும்.

கனடாவில் பிறந்த குதிரைப் பயிற்சியாளர் லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் வேறொரு வழியைப் பரப்பினார். மனித உடலின் அசைவுகளை ஆராய்ந்த மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் 1970களில் பயின்றவர் அவர். அவருடைய முறையில், நீண்ட மரக்கம்புகளைத் தரையில் கிடத்தி, வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைக்கிறார்கள். குதிரைமேல் யாரும் ஏறுவதில்லை. கூடவே நடந்து, அங்கங்கே நிறுத்தி நிதானமாக அழைத்துப் போகிறார்கள்.

தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. அதனால் கம்பை நெருங்கும் முன்பே தலையைத் தாழ்த்திப் பார்க்கிறது. தலை தாழ்ந்தால் கழுத்து நீளும், குழிந்த முதுகு மேலெழும். திருப்பங்களில் உடம்பு இரு பக்கமும் வளைந்து கொடுக்கும். கவனம் முழுவதும் காலடிக்குப் போய்விடுவதால் மிரட்சியும் தணிகிறது. சற்று நேரத்தில் நீளமாக மூச்சு விடும், உதட்டை நக்கும், மெல்வதுபோல் வாயை அசைக்கும். இறுக்கம் விடுகிறது என்பதற்கு இவை அடையாளம். அடியும் அதட்டலும் இல்லாமல் இது நடப்பதுதான் இந்த முறையின் பெரிய சிறப்பு.

குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலுக்கடியில் உருளாத கம்புகளாகப் பாருங்கள். கம்பில் திரும்பத் திரும்ப இடறும் குதிரையைத் திட்டாதீர்கள். அதற்கு எங்காவது வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.