மருந்து தரும் மேசையிலேயே இரத்தச் சோதனையும் வேண்டும்

(கிள்ளான் வட்டாரக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் வீடும் பேசுகிற மேடையில் ஹெரோயினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் செக்ரோல் எழுதுகிற கிராணி. ஒரு பெயருக்கு நேரே மாதத்தில் பத்து நாள் 'ஆப்செண்ட்' விழுந்தால், சோம்பேறி என்று தண்டல் சொல்லிவிடுவார். லயத்தில் விசாரித்தால் சங்கதி வேறாக இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் லோரி வேலை, கடை வேலை தேடிப் போன நம் பிள்ளைகளிலும் இந்தப் பழக்கத்தில் விழுந்தவர்கள் உண்டு. சங்கத்துக்கு இது அந்நிய விஷயமன்று.

ஊசியில் ஹெரோயின் ஏற்றுகிறவனைப் பிடிப்பது பழக்கம் மட்டுமல்ல. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டால் எச்.ஐ.வி. தொற்றும். ஈரலைக் கெடுக்கும் ஹெப்பாட்டைட்டிஸ் சி அதைவிட எளிதில் தொற்றும். பொடியைக் கரைக்கும் மூடி, பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலே போதும். அந்தக் கிருமி ஊசிக் குழலுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1990-களில் புதிதாகப் பதிவானவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஊசியால் பெற்றவர்கள். அக்காலத்தில் கண்ட வழி அடைத்து வைப்பதே. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுவாழ்வு நிலையத்தில் இரண்டு ஆண்டு, வெளியே வந்து கண்காணிப்பில் இரண்டு ஆண்டு. 2005-இல்தான் அரசாங்கம் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கியது. 2006-இல் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு ஆகிய இடங்களில் பழைய ஊசியை வாங்கிப் புது ஊசி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஊசி கொடுப்பது பாவத்துக்குத் துணை போவது என்று கூச்சலிட்டவர்கள் அநேகர். இன்று புதிதாக எச்.ஐ.வி. பெறுவோரில் ஊசியால் பெறுகிறவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கூச்சலுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

மெத்தடோன் வாயால் குடிக்கிற மருந்து. ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் முழுதும் உடம்பு வலியும் நடுக்கமும் இராது; தலை தெளிவாக இருக்கும்; மரம் சீவலாம். ஒரு போதைக்கு இன்னொரு போதை என்பார் சிலர். சர்க்கரை நோய்க்காரன் தினமும் மருந்து எடுப்பதை அப்படிச் சொல்லுகிறோமா?

இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2017-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. கட்டாயமாக அடைக்கப்பட்டு வெளிவந்தவர்களையும், தாமாகவே சிகிச்சை நிலையத்துக்குப் போய் வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் பாதிப்பேர் 31 நாளில் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார்கள். மற்றக் கூட்டத்தில் பாதிப்பேர் திரும்ப 352 நாள் ஆயிற்று. பூட்டுக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு எண்களில் பாருங்கள்.

ஆனால் மெத்தடோனுக்கு ஓரிடம், இரத்தச் சோதனைக்கு வேறிடம், ஈரலுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்று அலையவிட்டால், நாள் சம்பளக்காரன் எத்தனை நாள் அலைவான்? முதல் இடத்தோடு நின்றுவிடுவான். அலைச்சலை விடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், எச்.ஐ.வி. மருந்துகளில் சிலவும் உடம்பில் உள்ள மெத்தடோனைக் குறைத்துவிடும். ஒரு டாக்டர் கொடுப்பது இன்னொரு டாக்டருக்குத் தெரியாவிட்டால், நோயாளிக்குப் பழைய நடுக்கம் திரும்பும். மெத்தடோன் பலிக்கவில்லை என்று மறுபடி ஊசியை எடுப்பான். ஒரே கூரையின் கீழ் இருந்தால் அளவைக் கூட்டிக் கொடுப்பார்கள், காரியம் முடிந்தது. மருந்துக்குத் தினமும் வருகிறவனிடம் அங்கேயே இரத்தம் எடுக்கலாம், ஹெப்பாட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடலாம், எச்.ஐ.வி. மாத்திரையையும் அதே மேசையில் கொடுக்கலாம்.

ஹெப்பாட்டைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. குணமாக்கும் மாத்திரை உண்டு. சொபோஸ்புவிர் 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2017-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைக்காரரின் சம்மதத்துக்குக் காத்திராமல், அதே மருந்தை மலிவாக வாங்கும் உரிமையைச் சட்டப்படி எடுத்துக்கொண்டது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். பெரிய கம்பெனிக்கு முன் அரசாங்கம் நிமிர்ந்து நின்றது. சங்கக்காரர்கள் நாம் மறக்கக்கூடாத சம்பவம்.

இனி நம் பங்கு. விடியற்காலை பிரட்டுக்கு நின்று, வெட்டு முடித்து, பால் நிறுத்து விடும்போது மதியம் தாண்டிவிடும். காலையில் மட்டும் மருந்து கொடுக்கும் கிளினிக்குக்கு அவன் எப்போது போவான்? போனால் 'ஆப்செண்ட்' எழுதுவது என் பேனாதான். ஆகவே மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். மெத்தடோனுக்குப் போன நேரத்தை நிர்வாகம் மருத்துவ நேரமாகப் பதிய வேண்டும். சிகிச்சையிலிருப்பவனை அந்தக் காரணத்துக்காகப் பேர் வெட்டக்கூடாது. பால் நிறுத்து முடிந்த பிறகும் மருந்து வாங்க, சுகாதாரக் கிளினிக்கில் மாலை நேரம் கேட்டுக் கிளை எழுத வேண்டும். செக்ரோலில் நோயின் பெயரை எழுதக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராணிமார் அதற்குக் கட்டுப்பட வேண்டும். தீர்மானத்தை வழிமொழிய யாராவது எழுந்திருங்கள்.